இரண்டு முறை கட்டிய வரி

அன்புள்ள யாழினிக்கு,

இனப் பாகுபாட்டுக் காலத்து அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் கட்டியவர் யார் என்று கேட்டிருந்தாய். ஜூலியஸ் ரோசன்வால்ட் என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அது பாதி விடைதான்.

பிரித்து வைத்தாலும் சமமாக நடத்தினால் போதும் என்று 1896-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தென் மாநிலங்கள் பிரிப்பதை மட்டும் எடுத்துக்கொண்டன; சமத்தை விட்டுவிட்டன. அலபாமாவில் டஸ்கீகி கல்வி நிலையத்தை நடத்திவந்த புக்கர் டி. வாஷிங்டன், சியர்ஸ் நிறுவனத் தலைவரான ரோசன்வால்டின் உதவியை நாடினார். 1912-ல் கிடைத்த நன்கொடையில் ஒரு பகுதியைக் கொண்டு முதலில் ஆறு கிராமப் பள்ளிகள் எழுந்தன. 1932-க்குள் 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள்!

ஊராரும் அரசும் தங்கள் பங்கைப் போட்டால்தான் தன் பங்கு என்பது ரோசன்வால்டின் நிபந்தனை. கையில் காசில்லாத குத்தகை உழவர்கள் என்ன செய்வார்கள்? வயலில் ஒரு துண்டைப் பள்ளிக்கென ஒதுக்கிப் பருத்தி விதைத்தார்கள். கோழி விற்றார்கள், மரம் அறுத்துக் கொடுத்தார்கள், கட்டட வேலைக்கும் வந்து நின்றார்கள். ரோசன்வால்ட் தரப்பு தந்தது ஏறத்தாழ 43 லட்சம் டாலர். கறுப்பின மக்கள் திரட்டியது 47 லட்சம். அவர்கள் கட்டிய வரியின் பெரும்பங்கு வெள்ளையர் பள்ளிகளுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, தம் பிள்ளைகளுக்காக மறுபடியும் கட்டினார்கள். அந்த நிபந்தனையைப் பலர் மெச்சுகிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது.

கட்டடங்களின் அழகு ஜன்னலில் இருக்கிறது. பெரும்பாலும் மின்சாரம் எட்டாத ஊர்கள். எனவே உயரமான ஜன்னல்களைக் கிழக்கு, மேற்கு பார்த்து வரிசையாக வைத்தார்கள். இடது பக்கமிருந்து வெளிச்சம் வருமாறு மேசைகளைப் போட்டதால் எழுதும் கையின் நிழல் தாளில் விழாது. (உன்னைப் போன்ற இடக்கைக்காரர்கள் யார் நினைவுக்கும் வரவில்லை!) தொடக்கக் கால வரைபடங்களுக்குப் பொறுப்பேற்றவர்களில் ஒருவர் ராபர்ட் டெய்லர், எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர்.

1954-ல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வந்தபின் இவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இன்று எஞ்சியிருப்பவை சில நூறுதான்.

குடிமை உரிமைப் போராளி ஜான் லூயிஸ் இப்படியொரு பள்ளியில் படித்தவர். வயல் வேலைக்கு இருக்கச் சொன்ன நாட்களில், வீட்டுத் தாழ்வாரத்துக்கு அடியில் ஒளிந்திருந்து, பள்ளி பஸ் வந்ததும் ஓடிப்போய் ஏறிக்கொள்வாராம். அவர் வாழ்க்கையைச் சொல்லும் 'மார்ச்' என்ற சித்திரக்கதை நூல் மூன்று பாகங்களாக வந்திருக்கிறது. நூலகத்தில் கேட்டுப் பார், படித்துவிட்டு எழுது.

அன்புடன்,
மாமா