பின்னால் வருகிறவரை முன்னால் விடுங்கள்

செஞ்சி ராஜகிரிக் கோட்டையில் பாதி மலை ஏறியதும் நிழல் பார்த்து உட்கார்ந்தேன். தோழி இரண்டு திருப்பம் தள்ளிக் கீழே வந்துகொண்டிருந்தாள். பத்து நிமிடத்தில் வந்து சேர்ந்தாள். அவள் தலை தெரிந்ததும் நான் எழுந்து, "போலாமா?" என்றேன். தலையாட்டினாள். இப்படியே மூன்று முறை. நான்காவது முறை படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீ மூணு தடவை ரெஸ்ட் எடுத்துட்டடி. நான் இன்னும் ஒரு தடவைகூட உட்காரலை."

கல்லூரி நாளிலிருந்து பழகும் எங்களுக்குள் அன்றைக்கு வந்ததுபோல ஒரு கசப்பு வந்ததில்லை. வேகமாக நடப்பவர் ஓய்வெடுத்துக்கொண்டே போகிறார். மெதுவாக நடப்பவர் ஓய்வே இல்லாமல் துரத்திக்கொண்டே வருகிறார். இது அதுவரை எனக்கு உறைத்ததே இல்லை. அங்கிருந்து அவளை முன்னால் விட்டேன். அவள் நின்றால் நான் நிற்பது, அவள் நடந்தால் நான் நடப்பது. உச்சிக்குச் சற்றுக் கீழே மலை பிளந்து கிடக்கும் இடத்தில் உள்ள சிறிய பாலத்தை இருவரும் ஒன்றாகக் கடந்தோம்.

பாலத்தை எடுத்துவிட்டால் ஒரு சிறு கூட்டமே கோட்டையைக் காத்துவிடலாம் என்பது அங்கே நின்று பார்த்தால்தான் புரிகிறது. 1677இல் சிவாஜி பிடித்த கோட்டை இது. பிறகு அவருடைய மகன் ராஜாராம் இங்கே தங்கியிருக்க, முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுத்தான் இதைக் கைப்பற்ற முடிந்தது. 2025இல் மராட்டியக் கோட்டைகளின் வரிசையில் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஆகியிருக்கிறது. ஏறுவதற்கு ஏறக்குறைய 800 அடி. கோட்டை திறக்கும் நேரத்திலேயே போய்விடுங்கள். பிற்பகலுக்குமேல் மலைமீது விடுவதில்லை, வெயிலில் பாறையும் அனலாகிவிடும். மலைமேல் கடை கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். தின்பண்டத்தைக் கையில் தொங்கவிடாமல் முதுகுப்பைக்குள் வையுங்கள். குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டால் விடுவதில்லை.

மலை காலையில், ஊர் மாலையில்

தை மாதம், ஏழு நாள், ஒரு கார், இரண்டு பெண்கள். சென்னையில் தொடங்கி, செஞ்சி, திருவண்ணாமலை, பர்வதமலை, கொல்லிமலை, சித்தன்னவாசல் எல்லாம் பார்த்துவிட்டுத் திருச்சியில் தோழியின் வீட்டில் முடிப்பது என்று திட்டம். ஒரு நாளைக்கு ஒரு மலைதான், அதுவும் காலையில். கோயிலும் குளமும் கடைத்தெருவும் மாலைக்கு. நடுவே நான்காம் நாளை மலையே இல்லாத நாளாக வைத்தோம். திட்டம் போடும்போது அது வீண் என்று நான் வாதாடினேன். அன்றைக்குக் காலையில் விடுதிப் படியில் இறங்கும்போது தொடை பிடித்துக்கொண்டதும்தான் அவள் அதை ஏன் வற்புறுத்தினாள் என்பது புரிந்தது. திருவண்ணாமலை கோயில் பிராகாரத்தில் அந்த நாளை நிதானமாகக் கழித்தோம்.

பணத்துக்கு ஒரு சின்னப் பை. தினமும் காலையில் இருவரும் ஒரே தொகையைப் போடுவோம். பெட்ரோல், இட்லி, அறை வாடகை எல்லாம் அதிலிருந்துதான். யார் எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கு வாரம் முழுக்க எழவே இல்லை.

திரும்பியதுதான் சரி

மூன்றாம் நாள் பர்வதமலை. தென்மாதிமங்கலம் வழியாக ஏறினோம். சுமார் 4,500 அடி உயரம். காடு, கரடுமுரடான கல்பாதை எல்லாம் தாண்டினால் உச்சிக்கு அருகே செங்குத்துப் பாறை. பாறையில் கடப்பாறைகளை அறைந்து சங்கிலி கட்டியிருக்கிறார்கள். அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் மல்லிகார்ஜுனர் கோயிலுக்கு ஏறவேண்டும். நாங்கள் அந்த இடத்தை நெருங்கும்போது எதிர்பாராமல் தூறல் பிடித்தது. பாறை பளபளத்தது. தோழி சங்கிலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கு வேண்டாம்" என்றாள்.

முதல் நாள் இரவே ஓர் ஒப்பந்தம் செய்திருந்தோம். ஒருத்தி வேண்டாம் என்றால் இருவரும் இறங்கவேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. கோயில் மணி காதில் விழும் தூரத்தில் நின்றுகொண்டு அதைக் காப்பாற்றுவது எனக்கு எளிதாக இல்லை. ஆனாலும் இறங்கினோம். வழியில் தூறல் மழையானது. சாதாரணப் படியிலேயே இரண்டு முறை கால் வழுக்கியது எனக்கு. மேலே ஏறியிருந்தால் அந்த ஈரச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கவும் வேண்டும் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

இப்படி ஓர் ஒப்பந்தத்தைச் சமதரையில், வயிறு நிறைந்திருக்கும்போது செய்துகொள்ளுங்கள். மலையில் நின்று விவாதித்தால் ஆசையுள்ளவர்தான் ஜெயிப்பார். வனத்துறையின் அனுமதி, நேரக் கட்டுப்பாடு பற்றியும் முதல் நாளே அடிவாரத்தில் விசாரித்துவிடுங்கள்.

இறக்கம் முதலில் வந்தால்

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் போகும். ஓட்டாதவருக்கும் வேலை உண்டு. திருப்பத்துக்கு முன்னால் எதிர்வண்டியைப் பார்த்துச் சொல்வது, ஓட்டுபவரிடம் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது.

ஆகாய கங்கை அருவி மற்ற மலைகளுக்கு நேர்மாறானது. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் கீழே இறங்குகின்றன. இறங்கும்போது மூச்சு வாங்காததால் எல்லாம் சுலபமாகத் தெரியும். சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஐயாற்றுத் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்தபடி நேரம் போவதே தெரியாது. மலையேற்றம் அதன் பிறகுதான், ஈர உடையோடு. இறங்க ஆன நேரத்தைப்போல இரண்டு மடங்கை ஏறுவதற்கு ஒதுக்குங்கள். குளிப்பதற்கு முன் கொஞ்சம் சாப்பிடுங்கள். குடிதண்ணீரில் பாதியைத் தொடாமல் வைத்திருங்கள்.

சித்தன்னவாசல் விளிம்பு

கடைசி நாள் சித்தன்னவாசல். அறிவர் கோயில் விதானத்தில் தாமரைக்குளம், மீன், யானை, பூப்பறிக்கும் மனிதர்கள் என்று ஓவியத்தைக் கழுத்து வலிக்கப் பார்த்தோம். பிறகு பாறை ஏறி ஏழடிப்பட்டத்துக்குப் போனோம். குன்றின் கிழக்குச் சரிவில் இயற்கையாக அமைந்த குகை அது. சமண முனிவர்களுக்காக வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகளும், இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழி எழுத்துகளும் அங்கே இருக்கின்றன. அதை அடைய, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக ஒரு குறுகிய விளிம்பில் நடக்கவேண்டும். கம்பி போட்டிருக்கிறார்கள்.

வாரம் முழுக்க வேகமாக நடந்த எனக்கு அந்த இடத்தில் கால் எழவில்லை. ஏறுவதற்கு அஞ்சாத எனக்குப் பள்ளத்தைப் பார்த்ததும் உள்ளங்கை வியர்த்தது. தோழி அதற்குள் பாதி தூரம் போயிருந்தாள். திரும்பிப் பார்த்தவள், ஒன்றும் கேட்காமல் என்னிடம் வந்து, எனக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"நீ முன்னால போ. மெதுவாப் போ."

கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரோர் அடியாக நடந்தேன். நான் நின்ற இடத்தில் அவளும் நின்றாள். குகை வாசலில் இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, பையில் மிச்சமிருந்த கடலைமிட்டாயைப் பாதியாக உடைத்துத் தின்றோம். கீழே புதுக்கோட்டைச் சீமையின் வயல்கள் தெரிந்தன. அடுத்த தை மாதம் மீண்டும் பர்வதமலைக்குப் போவது என்று அங்கேயே முடிவு செய்தோம். அவள்தான் முன்னால் நடப்பாள்.