விளையாட்டும் சிகிச்சைதான்: கீமோ எடுக்கும் குழந்தையைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடுங்கள்

குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் சிறிது நேரம் உட்கார்ந்து பாருங்கள். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் அம்மா மடியில் இருப்பார்கள், கையில் செல்போன் இருக்கும். ‘விழுந்துட்டா என்ன பண்றது, காய்ச்சல் வந்துட்டா என்ன பண்றது’ என்ற பயம்தான் காரணம். பயப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் மாதக்கணக்கில் மடியிலேயே இருக்கும் குழந்தையின் கால்கள் மெல்ல பலமிழந்து போகின்றன.

குழந்தைகளுக்கு அதிகம் வருவது ரத்தப் புற்றுநோய். அதிலும் ஏ.எல்.எல். வகைதான் அதிகம். சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் வரை நீளும். அதில் தரப்படும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து, புற்றணுக்களை அழிக்கும்போதே கை கால்களுக்குச் செல்லும் நரம்புகளையும் தொட்டுவிடுகிறது. பாதத்தின் முன்பகுதியைத் தூக்க முடியாமல் குழந்தை தடுக்கித் தடுக்கி விழும். சட்டைப் பட்டன் போட வராது. கூடவே தரும் ஸ்டீராய்டு தொடைத் தசையை இளைக்க வைக்கும். தரையில் உட்கார்ந்த பிள்ளை கையை ஊன்றித்தான் எழுந்திருக்கும். இதைப் பல வீடுகளில் ‘மருந்துச் சோர்வு’ என்று விட்டுவிடுகிறார்கள். மருந்து முடிந்த பிறகு நரம்பு பெரும்பாலும் மெல்லத் தேறும். அதுவரை தசைக்கு வேலை கொடுக்கணும். இல்லாவிட்டால் கெண்டைக்கால் தசை இறுகி, குதிகால் தரையில் படாமல் போகலாம்.

நான்கு வயதுப் பிள்ளையிடம் ‘காலைப் பத்து முறை மடக்கு’ என்றால் மூன்றாவது முறையே அழுதுவிடும். அதையே விளையாட்டாக்கினால் இருபது முறை செய்யும். ‘கரடி மாதிரி குதிகாலால் நட’ என்றால் பாதத்தைத் தூக்கும் தசைக்கு வேலை. தரையில் கிடக்கும் பந்துகளைக் குந்தி எடுத்துக் கூடையில் போட்டால் தொடைக்கு வேலை. பலூனைக் கீழே விழாமல் தட்டுவது கைக்கும் நிதானத்துக்கும், சோப்புக் குமிழி ஊதுவது நுரையீரலுக்கும் நல்லது. நம்ம பாட்டி வீட்டுப் பல்லாங்குழி விரல்களுக்கு அருமையான பயிற்சி! (வாயில் போடும் வயதுப் பிள்ளைக்கு முத்து வேண்டாம்.) ஒரே மூச்சில் அரை மணி நேரம் தேவையில்லை. ஐந்து ஐந்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எல்லா நாளும் ஒரே மாதிரி விளையாட முடியாது. பிளேட்லெட் ரொம்பக் குறைந்த நாளில் ஓட்டமும் குதிப்பும் கூடாது, உட்கார்ந்து விளையாடினால் போதும். எத்தனை ஆயிரத்துக்குக் கீழே போனால் நிறுத்தணும் என்று உங்கள் டாக்டரிடமே கேட்டு, சிகிச்சை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். வெள்ளை அணுக்கள் குறைந்த நாளில் மண், கூட்டம் இரண்டையும் தவிர்த்து, கழுவக்கூடிய பொம்மைகளை மட்டும் கொடுங்கள். முதுகில் ஊசி போட்ட அன்று ஓய்வு. ஊசிக் குழாய் பொருத்தியிருந்தால் அது இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடுப்பு அல்லது எலும்பு வலி என்று குழந்தை சொன்னால் விளையாட்டை நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எந்த விளையாட்டு, எவ்வளவு நேரம் என்பதை இயன்முறை மருத்துவர் குழந்தையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அடுத்த கீமோவுக்குப் போகும்போது ‘பிசியோதெரபிக்கு எழுதித் தாங்க’ என்று நீங்களே கேளுங்கள், தயங்க வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் சேவை இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியுடன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.

செல்போனுக்கும் ஒரு வேலை உண்டு. மாதம் ஒருமுறை, குழந்தை வெறுங்காலில் பத்தடி நடப்பதையும் தரையிலிருந்து எழுவதையும் வீடியோ எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத மாற்றம், இரண்டு வீடியோவை அடுத்தடுத்து ஓட்டினால் டாக்டருக்குத் தெரிந்துவிடும்.