காப்பிக் கொட்டையை வீட்டிலேயே வறுத்துச் சுவைக்கலாம்

திருவள்ளூர் மாவட்ட விவசாயிக்கு வறுவல் புதிதன்று. வேர்க்கடலையைச் சுடுமணலில் வறுக்கும்போது, எந்த நொடியில் இறக்க வேண்டும் என்பதை மூக்காலும் காதாலும் அறியும் பழக்கம் அவர் வீட்டில் இருக்கிறது. அதே பழக்கத்தைக் காப்பிக் கொட்டையிலும் காட்டினால், அதிகச் செலவில்லாத நல்ல பொழுதுபோக்கு ஒன்று கிடைக்கும். அத்துடன், விளைபொருளின் தரத்தை நாவினால் மதிப்பிடும் பயிற்சியும் கிடைக்கும்.

முன்பெல்லாம் தமிழ்நாட்டில் பல வீடுகளில் பச்சைக் கொட்டையை வாங்கி, கைப்பிடியுள்ள இரும்பு உருளையில் வறுத்து, மேசையில் திருகிப் பொருத்திய கை இயந்திரத்தில் அரைத்துக் கொள்வார்கள். பொட்டலத் தூள் பரவிய பின் இவ்வழக்கம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. விடியற்காலையில் நீர் பாய்ச்சப் புறப்படும் தந்தைக்கும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவு முறை முடித்துத் திரும்பும் மகனுக்கும் காப்பி வேண்டும். ஆனால் அந்தத் தூளில் என்ன இருக்கிறது என்பது இருவருக்குமே தெரிவதில்லை.

நம் நிலத்தில் பயிரிடலாமா?

இக்கேள்வி எழுவது இயல்பே. கூடாது என்பதே விடை. அராபிகா காப்பிக்குக் கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,500 மீட்டர் உயரமும், 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பமும், மர நிழலும் தேவை. ரொபஸ்டா காப்பி 500 முதல் 1,000 மீட்டர் உயரத்தில், 20 முதல் 30 டிகிரி வெப்பத்தில் நன்கு வளரும். கோடையில் 40 டிகிரியைத் தொடும் நம் சமவெளியில் இது ஆதாயமான பயிராகாது. ஆசைப்பட்டுக் கன்று வாங்கிப் பணத்தை இழக்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் சேர்வராயன் மலை, பழனி மலை, நீலகிரி, ஆனைமலை ஆகிய பகுதிகளில் காப்பி விளைகிறது. திண்டுக்கல் மாவட்டம் தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் உள்ளது. இந்தியாவில் காப்பி பயிரிடுவோரில் 100-க்கு 98 பேருக்கு மேல் 10 எக்டேருக்கு உட்பட்ட சிறு விவசாயிகளே. எனவே காப்பியும் நெல், வேர்க்கடலையைப் போலச் சிறு விவசாயியின் பயிர்தான்.

கொட்டையைத் தெரிந்தெடுத்தல்

பழத்தின் தோலை உரித்து, கொழகொழப்பைப் புளிக்க வைத்துக் கழுவி, உலர்த்திப் பதனிட்ட அராபிகா கொட்டைக்குப் 'பிளாண்டேஷன்' என்று பெயர். பழத்தை அப்படியே காயவைத்து உடைத்தால் கிடைப்பது 'செர்ரி' எனப்படும். ஒரு பழத்தில் இரண்டு கொட்டைகளுக்குப் பதில் ஒன்றே உருண்டையாகத் திரண்டிருந்தால் அது 'பீபெரி'. வாணலியில் எளிதில் உருளுவதால் பீபெரி சீராக வறுபடும். புதிதாகப் பழகுவோர் இதிலிருந்து தொடங்கலாம்.

ஒரு கிலோ பச்சைக் கொட்டை கிடைக்க 5 முதல் 6 கிலோ பழம் பறிக்க வேண்டும். ஆகவே ஒரு பிடி கொட்டையும் வீணாகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. வறுத்து அரைத்துத் தரும் காப்பிக் கடைகளில் கேட்டால் பச்சைக் கொட்டையாகவே வாங்கலாம். முதலில் கால் கிலோ போதும். கறுத்தவை, உடைந்தவை, பூச்சி துளைத்தவை, பூசணம் பிடித்தவை ஆகியவற்றைப் பொறுக்கி நீக்கிவிட வேண்டும்.

வறுக்கும் முறை

அடி கனத்த இரும்பு வாணலி, நீண்ட மரக் கரண்டி, முறம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். புகை எழும் என்பதால் திறந்த தாழ்வாரத்தில் வறுப்பதே நல்லது. குழந்தைகளை அருகில் விடக்கூடாது. அடுப்பை விட்டு நகரவும் கூடாது.

வாணலியை மிதமாகச் சூடாக்கி 150 கிராம் கொட்டையை இட்டு, கை ஓயாமல் கிளற வேண்டும். முதலில் ஈரம் வெளியேறும். பச்சை நிறம் மஞ்சளாக மாறும். வைக்கோல் மணம் வரும். பிறகு கொட்டை பழுப்பாகி, வறுத்த தானியத்தின் மணம் எழும். மெல்லிய வெள்ளித்தோல் உரிந்து பறக்கும். ஏறத்தாழ 8 அல்லது 10 நிமிடத்தில் கொட்டைகள் 'பட் பட்' என்று வெடிக்கத் தொடங்கும். கொட்டைக்குள் அடைபட்ட நீராவியின் அழுத்தமே இதற்குக் காரணம். இதை முதல் வெடிப்பு என்பர். அப்போது கொட்டையின் வெப்பம் 200 டிகிரியை ஒட்டியிருக்கும்.

பச்சைக் கொட்டையை முகர்ந்தால் காப்பி மணம் இராது. அதிலுள்ள சர்க்கரைச் சத்தும் புரதச் சத்தும் வெப்பத்தில் ஒன்றோடொன்று வினைபுரிந்தே அந்த மணம் பிறக்கிறது. அது கண்முன்னே நிகழ்வதைக் காண்பதுதான் இப்பொழுதுபோக்கின் பெரிய இன்பம்.

முதல் வெடிப்பு அடங்கியவுடன் இறக்கினால் இளம் வறுவல். இலேசான புளிப்பும் பழச்சுவையும் தெரியும். இன்னும் ஓரிரு நிமிடம் விட்டால் நடுத்தர வறுவல். பாலில் கலக்கும் வடிகட்டிக் காப்பிக்கு இதுவே ஏற்றது. அடுத்து மெல்லிய 'சடசட' ஓசையுடன் இரண்டாம் வெடிப்பு வரும். கொட்டையின் மேல் எண்ணெய் கசியும். அதையும் தாண்டினால் கரியின் கசப்பே மிஞ்சும். இறக்கிய பின்னும் உட்சூடு வேலை செய்யும். ஆகவே வேண்டிய நிறத்துக்குச் சற்று முன்னரே முறத்தில் கொட்டிப் புடைத்து ஆற்ற வேண்டும். வெள்ளித்தோலும் அதிலேயே நீங்கிவிடும்.

150 கிராம் கொட்டை வறுத்த பின் சுமார் 125 கிராம் இருக்கும். அதிலிருந்து கரியமில வாயு வெளியேற வேண்டியிருப்பதால், முதல் நாள் டப்பாவை இறுக மூடக்கூடாது. மறுநாள் முதல் மூடிவைத்து, அவ்வப்போது வேண்டிய அளவே அரைத்துக்கொள்வது சிறந்தது. அரைத்த தூளின் மணம் சில நாட்களில் குறைந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி. பச்சைக் கொட்டையையும் அப்போது காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். உரமூட்டை, மருந்து டப்பா அருகில் வைக்கவே கூடாது.

சுவைக்கும் முறை

தேர்ந்த சுவைஞர்கள் முதலில் பாலும் சர்க்கரையும் சேர்ப்பதில்லை. 8 கிராம் தூளைத் தம்ளரில் இட்டு, கொதித்து இறக்கி அரை நிமிடம் ஆறிய நீரை 150 மில்லி லிட்டர் ஊற்ற வேண்டும். 4 நிமிடம் கழித்து, மேலே மிதக்கும் தூளைக் கரண்டியால் விலக்கி முகர வேண்டும். நுரையை நீக்கி, சூடு தணிந்ததும் கரண்டியால் எடுத்து ஓசையுடன் உறிஞ்ச வேண்டும். அப்போதுதான் மணம் மூக்கின் உட்புறத்தை எட்டும்.

வீட்டார் சேர்ந்து ஒரு சோதனையும் செய்யலாம். மூன்று தம்ளர்களில் இரண்டில் ஒரே கொட்டையும், மூன்றாவதில் வேறு கொட்டையும் இட்டு, வேறுபட்டது எது என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். தொடக்கத்தில் பலர் தவறுவார்கள். ஒவ்வொரு முறையும் கொட்டையின் வகை, வறுத்த நேரம், சுவை ஆகியவற்றை நோட்டில் குறித்துவந்தால் நாக்கு விரைவில் தேறும்.

நாக்கு காட்டும் குறைகள்

பச்சைக் காய்கறி அல்லது வேகாத வேர்க்கடலையின் சுவை தோன்றினால் வறுவல் போதவில்லை; அல்லது காயாகப் பறித்திருக்கிறார்கள். நன்கு வறுத்த பின்னும் சில கொட்டைகள் வெளுத்தே இருந்தால் அவை முதிராதவை. அழுகிய புளிப்பு வந்தால், பழத்தைத் தோலுரிக்கத் தாமதம் ஆகியிருக்கும். அல்லது அளவுக்கு மீறிப் புளிக்க விட்டிருப்பார்கள். மண் வாடையும் பூசண வாடையும் வெறுந்தரையில் உலர்த்தியதையும் சரியாகக் காயாததையும் காட்டும். பழைய சாக்கின் வாடை சேமிப்பில் நேர்ந்த குறையாகும்.

சிக்கரிக் கணக்கு

சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்த தூள். கலப்புக் காப்பித் தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். கலப்பு விகிதத்தைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். வாங்கும்போது அதைப் படித்துப் பார்ப்பது அவசியம். குளிர்ந்த நீரில் ஒரு சிட்டிகை தூளைத் தூவினால் காப்பி பெரும்பாலும் மிதக்கும். சிக்கரி விரைவில் மூழ்கி நீரில் பழுப்புக் கோடுகளை இழுக்கும். சிக்கரியின் சுவையை விரும்புவோர் அதையே அருந்தலாம். ஆனால் காப்பிக்கான விலையைச் சிக்கரிக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

பச்சைக் கொட்டை கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வறுவலில் எடை குறைவதால் வறுத்த கொட்டை கிலோவுக்குச் சுமார் 720 ரூபாய் அடங்கும். எரிபொருள் செலவு தனி. தம் ஊர் விலைகளை இட்டு இவ்வாறு கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

விளைவிப்பவர் சுவைத்தறிய வேண்டும்

இந்தியாவில் நெடுங்காலம், பயிரிட்டவர்கள் தம் காப்பியைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. பல தோட்டத்துக் கொட்டைகள் ஒன்றாகச் சேர்ந்தே விற்பனையாயின. 1990-களில் இம்முறை படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 1996-ல் எல்லோருக்கும் முழு விற்பனை உரிமை கிடைத்தது. அதன்பின், தன் கொட்டையின் குணத்தை எடுத்துச் சொல்லி விலை பேசும் வாய்ப்பு பயிரிடுபவருக்கு வந்தது. ஆனால் மலையில் விளைவிப்பவர் தம் கொட்டையைத் தாமே வறுத்துக் குடித்துப் பார்க்காவிட்டால் அந்த வாய்ப்பால் பயனில்லை. வியாபாரி சொல்லும் குறையை மறுக்கவும் முடியாது. உண்மையான குறையாக இருந்தால் அடுத்த பருவத்தில் திருத்தவும் முடியாது. 100 கிராம் மாதிரியும் ஒரு வாணலியும் இந்த இழப்பைத் தவிர்க்க உதவும்.

சமவெளி விவசாயிக்கும் இது பொருந்தும். வேர்க்கடலை மூட்டையை ஏற்றுமுன் ஒரு கைப்பிடி வறுத்துத் தின்று பார்த்தால் முதிராத பருப்பும், கசந்த பருப்பும் தெரிந்துவிடும். புதிய நெல் இரகத்தைச் சந்தைக்கு அனுப்புமுன் ஒரு படி அரிசியைச் சமைத்துப் பார்ப்பதும் அவ்வாறே. விளைபொருளின் குறையை முதலில் அறிய வேண்டியவர் அதை விளைவித்தவரே. வயலில் வேலை ஓய்ந்த ஒரு மாலைப் பொழுதில் கால் கிலோ காப்பிக் கொட்டையில் இப்பயிற்சியைத் தொடங்கலாம். முதல் முறை கருகினாலும் கவலை வேண்டாம். மூன்றாம் முறையில் கை பழகிவிடும்.