பசியை அடைத்த மாத்திரை

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குக் கால்நடையாகக் கல்வராயன் மலை ஏறிப் பாருங்கள். மேலே போய்ச் சேரும்போது பசி வயிற்றைக் கிள்ளும். அந்நேரம் சூடாகச் சாமைச்சோறு கிடைத்தால் பசியும் அடங்குகிறது, மனமும் குளிர்கிறது. இவ்விரண்டும் ஏன் சேர்ந்தே நிகழ்கின்றன?

பசி வயிற்றில் பிறப்பதாக நினைக்கிறோம். வயிறு செய்திதான் அனுப்புகிறது. 'சாப்பிடு' என்று ஆணையிடுவது மூளை. மூளைச் செல்களின்மேல் 'ஏற்பிகள்' உள்ளன. அவற்றைப் பூட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். சில வேதிப்பொருள்கள் அவற்றின் சாவிகள். சி.பி.1 என்பது அப்படி ஒரு பூட்டு. கஞ்சா போதை தருவதும் பசியைக் கிளப்புவதும் இதைத் திறந்துதான். நம் உடலே தயாரிக்கும் சாவி ஒன்று 1992-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பெயர் ஆனந்தமைடு. ஆம், நாம் சொல்லும் அதே 'ஆனந்தம்'தான்!

இந்தப் பூட்டை அடைத்துவிட்டால் பசி குறையுமல்லவா? அப்படிப் பிறந்த மருந்துதான் ரிமோனபான்ட். 2006-ல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது. எடை குறைந்தது உண்மை. ஆனால் நிறுத்தினால் எடை திரும்ப ஏறியது. எனவே மாதக்கணக்கில் விழுங்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். சி.பி.1 பசியைக் கவனிக்கும் பகுதியில் மட்டுமா இருக்கிறது? மகிழ்ச்சி, அச்சம் ஆகியவற்றைக் கவனிக்கும் பகுதிகளிலும் இருக்கிறது. இது பசிப்பூட்டு, அது மனப்பூட்டு என்று மாத்திரைக்குத் தெரியாதே! சிலருக்கு மனச்சோர்வு, பதற்றம், உறக்கமின்மை வந்தன. சிலருக்கு உயிரையே வெறுக்கும் எண்ணமும் எழுந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்கு மனநோய் வரும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. இத்தனைக்கும், முக்கியச் சோதனைகளில் மனச்சோர்வு நோயாளிகளைச் சேர்க்கவில்லை. மருந்துக்கடைக்கு வருபவர்களை அப்படிப் பிரிக்க முடியுமா? சோதனையின் இந்த ஓட்டையைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன்.

அமெரிக்க நிபுணர் குழு 2007-லேயே 'வேண்டாம்' என்றது. 2008 அக்டோபரில் ஐரோப்பா விற்பனையை நிறுத்தச் சொன்னது. இந்தியா 2009 டிசம்பரில் தடை செய்தது.

இது முதல் அனுபவமும் அல்ல. எடை குறைக்க ஒரு காலத்தில் தாராளமாகக் கொடுக்கப்பட்ட ஆம்பெடமின், இல்லாத குரல்களைக் கேட்கவைக்கும், யாரோ துரத்துவதாக நம்பவைக்கும் என்பதை லண்டன் மருத்துவர் கானெல் 1958-ல் ஒரு நூலாகவே எழுதினார்.

உங்கள் வீட்டில் யாரேனும் பசி குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்களா? மருத்துவர் எடையைப் பார்க்கும்போது, உறக்கமும் மனநிலையும் எப்படி இருக்கின்றன என்பதையும் அவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அவரைக் கேளாமல் தாமாகவே நிறுத்தவும் கூடாது. கள்ளக்குறிச்சியில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மனம் கலங்கியவர்கள் 14416 என்ற எண்ணில் பேசலாம், கட்டணமில்லை.