ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு

கதிர்வீச்சைத் தாங்கும் நுண்ணுயிர்களைப் படிக்க வந்திருக்கிறீர்கள். இந்த மேசைகளுக்கு நடுவே வெகுகாலம் இருந்தவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள்.

1. கெட்டுப்போனதை உடனே குப்பையில் போடாதீர்கள். 1956இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஆர்தர் ஆண்டர்சன், இறைச்சி டப்பாக்களைக் காமா கதிரால் கிருமிநீக்கம் செய்து பார்த்தார். எந்தக் கிருமியும் தப்பாது என்று நம்பப்பட்ட அளவு அது. ஆனாலும் இறைச்சி கெட்டது. ஏன் கெட்டது என்று அவர் தேடியதால்தான் நமக்கு டெய்னோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் கிடைத்தது.

2. அதைக் கவசம் போட்ட வீரனாக நினைக்காதீர்கள். இந்தத் துறையில் புதியவர்கள் செய்யும் முதல் பிழை இதுதான். மனித உடல் முழுவதும் 5 கிரே கதிர்வீச்சு பட்டால், சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் மரணம். இந்த பாக்டீரியா 5,000 கிரே வாங்கியும் பிழைக்கும். ஆனால் அதன் டிஎன்ஏ நம்முடையதைப் போலவே உடைகிறது. நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறுகிறது. சில மணி நேரத்தில் அதை ஒன்றுசேர்த்துவிடுவதுதான் அதன் திறமை. ஓலைச்சுவடி பதிப்பிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நூலுக்கு நான்கைந்து படிகள், எல்லாமே செல்லரித்தவை. ஒன்றில் போன வரி இன்னொன்றில் இருக்கும். ஒப்பிட்டு ஒப்பிட்டு முழு நூலையும் மீட்டுவிடலாம். ஒவ்வொரு செல்லும் தன் மரபணுத்தொகுதிக்கு நான்கு முதல் பத்துப் படிகள் வரை வைத்திருக்கிறது. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களைப் பிடித்து அது எப்படிக் கோக்கிறது என்பதை மிரோஸ்லாவ் ராட்மன் குழு 2006இல் காட்டியது. சரி, பதிப்பாசிரியரே செத்துப்போனால்? அங்கேதான் மைக்கேல் டேலியின் ஆய்வைப் படிக்க வேண்டும். செல்லுக்குள் சேர்த்துவைத்த மாங்கனீசு, பழுதுபார்க்கும் புரதங்களைக் கதிர்வீச்சின் சேதத்திலிருந்து காக்கிறது.

3. பூமியில் இயற்கையாக எங்கும் இவ்வளவு கதிர்வீச்சு கிடையாது. பிறகு எதற்கு இந்தத் திறமை என்று கேளுங்கள். வறட்சிக்காக என்பதே எனக்குச் சரியாகப்படும் விடை. காய்ந்துபோனாலும் டிஎன்ஏ உடையும். கதிரைத் தாங்காத பிறழ்வு வகைகள் காய்ந்துபோவதையும் தாங்குவதில்லை என்று 1996இல் ஆய்வாளர்கள் மாட்டிமோரும் பட்டிஸ்டாவும் கண்டார்கள்.

4. அவசரம் வேண்டாம். ஈ.கோலை ஒரே இரவில் தட்டை நிரப்பும். டெய்னோகாக்கஸ் 30 டிகிரியில் இரண்டு மூன்று நாள் எடுக்கும். மறுநாள் காலை வெறும் அகாரைப் பார்த்துத் தட்டைக் கழுவிவிடாதீர்கள். இளஞ்சிவப்பில் சின்னச் சின்னக் காலனிகள் எழும்பும். நுண்ணோக்கியில் இரண்டும் நான்குமாய் ஒட்டிக்கொண்டிருக்கும்.

5. விண்வெளி பற்றிப் பேசும்போது அளந்ததை மட்டும் பேசுங்கள். ஜப்பானின் தான்போபோ திட்டத்தில், சர்வதேச விண்வெளி நிலையத்தின் கிபோ பகுதிக்கு வெளியே, டெய்னோகாக்கஸ் செல்களைக் காயவைத்து வைத்தார்கள். அரை மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடித்த திரள்களில் மூன்று ஆண்டுக்குப் பிறகும் உயிர் இருந்தது. மேல் அடுக்கு புற ஊதாக் கதிரில் செத்து, அடியில் இருந்தவற்றுக்குக் கூரையானது. இதைக் காட்டி மனிதர்களும் நாளை அப்படியே செவ்வாய்க்குப் போகலாம் என்று யாருக்கும் நம்பிக்கை கொடுக்காதீர்கள். கியூரியாசிட்டி ஊர்தியின் செவ்வாய்ப் பயணத்தில் அளந்த கதிர்வீச்சு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.8 மில்லிசீவர்ட். மாதக்கணக்கில் சேரும் அந்த அளவு நமக்குத் தரும் பயம் புற்றுநோய். ஒரு பாக்டீரியாவின் ஜீனை எடுத்து ஒட்டினால் அது தீராது.

6. சுத்தம் நம் கடமை. 1970களில் வைக்கிங் தரையிறங்கிகளைச் செவ்வாய்க்கு அனுப்புவதற்கு முன் 110 டிகிரிக்கு மேல், பல மணி நேரம் உலர்வெப்பத்தில் வைத்தார்கள். செவ்வாயில் என்றாவது ஓர் உயிர் அகப்பட்டால், அது அந்த மண்ணுடையதா, நாம் கொண்டுபோனதா என்று சொல்லத் தெரிய வேண்டும். விண்கல உறுப்பைத் துடைத்த பஞ்சு ஒருநாள் உங்கள் கைக்கு வரலாம். அதில் ஒரே ஒரு காலனி முளைத்தாலும் நோட்டில் எழுதுங்கள்.