கையடக்கக் கருவியில் கமகம் பிறக்குமா?

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நம் முன்னோர் வகுத்தனர். இவற்றுள் எதிலும் அடங்காத கருவியொன்றைப் பற்றி எழுத விழைகிறேன். 1989இல் ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ வெளியிட்ட 'கேம் பாய்' என்னும் கையடக்க ஆட்டக்கருவியே அது. ஆட்டம் நமக்கு வேண்டா. ஒலியை மட்டும் காண்போம்.

நுண்செயலி அமைந்த சில்லுக்குள்ளேயே ஒலி பிறப்பிக்கும் பகுதியும் இருக்கிறது. அதில் நான்கு தடங்கள் உண்டு. முதலிரண்டும் சதுர அலை தருவன. மெட்டு பெரும்பாலும் இவற்றில் ஓடும். மூன்றாவதில் அலையின் வடிவத்தை 32 புள்ளிகளாக நாமே எழுதலாம். ஒவ்வொரு புள்ளியும் 0 முதல் 15 வரையுள்ள ஓர் எண். நான்காவது வெறும் இரைச்சல். தாளத்திற்கு அதுதான் தவில்!

சதுர அலைத் தடத்தில் சுரம் பிறப்பது ஒரு வகுத்தல் கணக்கால். நாம் தரும் எண்ணை 2048இலிருந்து கழித்து, மீதியால் 131072ஐ வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும். சட்சம் 240 என்று கொள்வோம். 1502 என்ற எண்ணைத் தந்தால் மீதி 546, அதிர்வெண் 240.06. பஞ்சமத்திற்கு 1684 தந்தால் 360.09. எந்தக் காதும் குறை சொல்லாது.

இதை எங்கள் தெருவில் நாகசுரம் வாசிக்கும் பெரியவரிடம் சொன்னேன். "சுரம் வரும் தம்பி, அசைவு வருமா?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பாட்டு வகுப்புக்கும் போனதில்லை. கோயில் திருவிழாவில் கேட்டதே என் இசையறிவு. எனவே கணக்கைத்தான் நாடினேன்.

தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகளே உள்ளன. கம்பியை இழுத்து இடைப்பட்ட ஒலிகளையெல்லாம் வரவழைக்கிறார்கள். கேம் பாயில் இழுக்கக் கம்பியில்லை. எண்ணை அடிக்கடி மாற்றவேண்டும். திரை புதுப்பிக்கப்படும்போதெல்லாம், அதாவது நொடிக்குச் சுமார் 60 முறை, மாற்றுவது வழக்கம். 240.06க்கு அடுத்துக் கிடைப்பது 240.50. இந்த நுட்பம் அசைவுக்குப் போதும். ஆனால் மூன்று தாயி மேலே 1920ஐத் தேடினால், 1899.6 கிடைக்கிறது, அதை விட்டால் 1927.5தான். இந்த இடைவெளி, அடுத்தடுத்த இரு சுரத்தானங்களுக்கு இடையிலுள்ள தூரத்தில் ஏறக்குறைய நான்கிலொன்று. அங்கே கமகம் வழுக்காது, படியேறும். பெரியவரின் ஐயம் பாதி சரி.

இக்கருவியின் இசைக்கோப்பு 'ஜிபிஎஸ்' எனப்படும். அது ஒலிப்பதிவு அன்று. முதல் 112 பைட்டுகள் முகவுரை. பிறகு மெட்டின் எண்களும், அவற்றை வாசிக்கும் நிரலும். சுரக்குறிப்பையும் வித்துவானையும் ஒரே பொட்டலத்தில் கட்டியது போல! கணினியோ கேம் பாயாக நடித்து அதை ஒலிக்கிறது. குறுந்தட்டில் மூன்று நிமிடப் பாட்டுக்கு மூன்று கோடிக்கு மேற்பட்ட பைட்டுகள் வேண்டும். ஹிரோகாசு தனாகா இசையமைத்த கேம் பாய் 'டெட்ரிஸ்' ஆட்டமோ இசையோடு சேர்த்தே 32,768 பைட்டுகளில் அடங்கிவிட்டது.

மூன்றாம் தடத்தை இன்னும் சோதிக்கவில்லை. பெரியவரின் நாகசுர அலையை அலைநோக்கியில் பிடித்து, 32 எண்களாக்கி அதில் இட எண்ணியுள்ளேன். அவரும் சீவாளியோடு வர இசைந்திருக்கிறார்.