சாலையோரத் தூய்மையும் பசுமையும்: கோலார் தங்கவயல் தரும் படிப்பினை

சாலை அமைப்பது ஒருமுறை செய்யும் பணி. அதன் ஓரங்களைப் பேணுவது நாள்தோறும் செய்ய வேண்டிய பணி. முன்னதற்குத் திட்டமும் நிதியும் திறப்பு நாளும் உண்டு. பின்னதற்கு இவை பெரும்பாலும் இருப்பதில்லை. நாட்டில் விரைவுச் சாலைகள் பெருகிவரும் இந்நாளில், சாலையோரக் குப்பையைக் கட்டுப்படுத்துவதும் நட்ட மரங்களைக் காப்பதும் நிர்வாகத்தின் முக்கியக் கடமைகளாகியுள்ளன. இக்கடமையின் தன்மையை அறிந்துகொள்ளக் கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயல் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

புதிய சாலையும் பழைய மேடுகளும்

பெங்களூரை அடுத்த ஹொஸ்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை சுமார் 262 கிலோமீட்டர் நீளத்திற்கு விரைவுச் சாலை ஒன்று திட்டமிடப்பட்டது. அதற்கு 2022-ஆம் ஆண்டு மே மாதம் அடிக்கல் நாட்டப்பெற்றது. கர்நாடகப் பகுதியில் பேத்தமங்கலம் வரையிலான ஏறத்தாழ 71 கிலோமீட்டர் 2024-ஆம் ஆண்டின் இறுதியில் போக்குவரத்துக்கு விடப்பட்டது. தங்கவயலுக்கு ஒரு காலத்தில் குடிநீர் அளித்த பாலாற்று நீர்த்தேக்கம் இந்தப் பேத்தமங்கலத்தில்தான் உள்ளது.

சாலையிலிருந்து விலகித் தங்கவயலுக்குள் நுழைபவர் கண்ணில் முதலில் படுவன சாம்பல் நிற மேடுகளே. இவற்றை மக்கள் சயனைடு மலைகள் என்று அழைக்கின்றனர். மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்களிலிருந்து வெட்டியெடுத்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் எஞ்சிய கழிவே இம்மேடுகள். ஒரு டன் பாறையில் தங்கம் கிராம் கணக்கில் மட்டுமே கிடைத்தது; மற்றவை யாவும் கழிவாயின. அவ்வாறு சேர்ந்த 13 மேடுகள் சுமார் 1,003 ஏக்கரில் பரவியுள்ளன. இவற்றின் எடை ஏறத்தாழ 3.3 கோடி டன் என மதிப்பிடப்பட்டுள்ளது.

சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் பெரும்பாலும் சிதைந்துவிடும். ஆனால் கழிவிலுள்ள கந்தகக் கனிமங்கள் மழைநீரோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்குகின்றன. அதோடு உலோகங்களும் கரைந்து வெளியேறக்கூடும். காற்று வீசும் மாதங்களில் சிலிக்கா கலந்த நுண்தூள் எழுந்து, வீடுகளிலும் சாலைகளிலும் மக்களின் மூச்சிலும் படிகிறது. பேருந்தின் சாளரத்திலிருந்து எறியப்படும் நெகிழிப் பைக்கும் இம்மேட்டுக்கும் அளவில் பெருத்த வேறுபாடு உண்டு, இயல்பில் இல்லை. பயன்பட்ட பின் பொறுப்பேற்க எவரும் இல்லாத பொருளே குப்பை எனப்படும்.

பொறுப்பு அகன்றபோது நேர்ந்தது

சுரங்கங்கள் இயங்கிய காலத்தில் கழிவைக் குவித்த நிறுவனமே நகரின் பெரும்பகுதிக் குடியிருப்புகளையும் சாலைகளையும் மரங்களையும் பேணிவந்தது. அப்பேணலில் ஏற்றத்தாழ்வு இருந்தது உண்மை. அதிகாரிகளின் பங்களாக்களுக்குக் கிடைத்த பசுமை, தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்து குடியேறிய தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குக் கிடைக்கவில்லை. எனினும் குறையைச் சொல்வதற்கு ஓர் அலுவலகம் இருந்தது. பணி செய்ய ஆட்களும் இருந்தனர். பொதுத்துறை நிறுவனமான பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்களை மூடியது. உற்பத்தியோடு பராமரிப்பும் நின்றது. மேடுகளோ எஞ்சி நின்றன.

இதிலிருந்து கிடைக்கும் படிப்பினை தெளிவானது. பராமரிப்பு வேறொரு பணியின் துணைப் பணியாக மட்டும் இருக்குமாயின், அப்பணி முடியும் நாளில் பராமரிப்பும் முடிந்துவிடும். ஒப்பந்தக் காலம் முடிந்த நெடுஞ்சாலைக்கும் இது பொருந்தும்.

நடுவது எளிது, காப்பது அரிது

2015-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட பசுமை நெடுஞ்சாலைகள் கொள்கை, திட்டச் செலவில் 1 சதவீதத்தை மரம் நடுதலுக்கும் பராமரிப்புக்கும் ஒதுக்க வகை செய்தது. இது வரவேற்கத்தக்கது. ஆயினும் நிதியோடு நீரும் ஆளும் வேண்டும் என்பதை ஓர் எளிய கணக்கு காட்டும்.

71 கிலோமீட்டர் சாலையின் இரு மருங்கிலும் 10 மீட்டர் இடைவெளியில் ஒரு வரிசை மரம் நடுவதாகக் கொள்வோம். ஏறத்தாழ 14,200 கன்றுகள் தேவைப்படும். கோடைக் காலத்தில் கன்று ஒன்றுக்கு வாரம் 20 லிட்டர் என்றாலும் வாரந்தோறும் 2,84,000 லிட்டர் நீர் வேண்டும். 5,000 லிட்டர் கொள்ளும் லாரியில் இது 57 நடையாகும். வறட்சிக்குப் பேர்போன கோலார் மாவட்டத்தில், இந்த நீர் எங்கிருந்து வரும் என்பதை முடிவு செய்த பின்னரே குழி தோண்ட வேண்டும்.

மர வகைகளின் தேர்வும் இன்றியமையாதது. நடுத்திட்டில் அரளி நடுவதற்குக் காரணங்கள் உள. அது குறைந்த நீரில் வாழும். நச்சுத்தன்மையால் கால்நடைகள் அதனை மேய்வதில்லை. எதிர்வரும் வாகனங்களின் விளக்கொளி கண்ணைக் கூசச் செய்யாமல் தடுக்கும். ஓரங்களில் வேம்பும் புங்கமும் தக்கவை. ஆனால் பருத்த மரங்களை ஓடுபாதைக்கு மிக அருகில் நடலாகாது. தடம் புரண்ட வாகனம் மோதினால் உயிரிழப்பு நேரும். நிலத்தடி நீர் குறையுமென்ற கவலையால் 2017-ஆம் ஆண்டு கர்நாடக அரசு புதிதாகத் தைலமரம் நடுவதைத் தடை செய்தது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

கழிவு மேடுகளில் பசுமை வளர்ப்பது இன்னும் கடினம். அங்கு மட்கும் தழைச்சத்தும் இல்லை. பறக்கும் மணல் இளந்தளிரை அரித்துவிடும். ஆகவே சரிவைப் படிகளாக்கி, மேல்மண் பரப்பி, முதலில் புல்லையும் பின்னர் பயறுவகைச் செடிகளையும், இறுதியில் மரங்களையும் வளர்ப்பதே முறை. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் பகுதியிலும் தங்கச் சுரங்க மேடுகளின் தூளை அடக்கப் புல் வளர்க்கும் முறை கையாளப்பட்டது.

தங்கவயல் மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தை மீட்டெடுக்கும் மத்திய அரசின் திட்டத்திற்கு 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. இறுகிய மேற்பரப்பைக் கிளறினால் தூள் மீண்டும் எழும். எனவே தூள் தடுப்பும் பசுமைப் போர்வையும் அத்திட்டத்தின் முதல் நாளிலிருந்தே அதன் உறுப்புகளாக வேண்டும். லாபம் ஒருவருக்கும் புழுதி மற்றவருக்கும் என்ற பழைய கணக்கு மீண்டும் எழுதப்படலாகாது.

மக்கள் பங்கு

1985-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், தன்னார்வக் குழு ஒன்று இரண்டு மைல் நெடுஞ்சாலையைத் தத்தெடுத்துக் குப்பை அகற்ற முன்வந்தது. பின்னர் அம்முறை பல நாடுகளுக்குப் பரவியது. கர்நாடகத்திலேயே இதனினும் பழைய முன்மாதிரி உண்டு. ஹுளிக்கல் கிராமத்துச் சாலையோரத்தில் கணவருடன் சேர்ந்து ஆலங்கன்றுகளை நட்டுக் குடத்தில் நீர் சுமந்து வளர்த்த சாலுமரத திம்மக்கா, 2019-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் நட்டதைவிடப் பல ஆண்டுகள் காத்ததே பெரிது.

ஆனால் விரைவுச் சாலை கிராமச் சாலையன்று. வேலியிட்ட அதன் ஓரத்தில் ஊரார் நடமாட முடியாது. வேகமாகச் செல்லும் வாகனங்களுக்கிடையே குப்பை பொறுக்குவது உயிருக்கு ஆபத்தானது. எனவே அங்குத் துப்புரவு, பயிற்சியும் பாதுகாப்பு உடையும் நியாயமான ஊதியமும் பெற்ற பணியாளரின் வேலையாகவே அமைதல் வேண்டும். மக்களின் பங்கு குப்பையை எறியாமலிருப்பதிலும், அணுகு சாலைகளையும் ஊர்ச்சாலைகளையும் பேணுவதிலும் அமையலாம்.

செய்ய வேண்டுவன

குப்பை பெரும்பாலும் வாகனங்கள் நிற்குமிடங்களில் சேர்கிறது. சுங்கச் சாவடி, ஓய்விடம், உணவகம் ஆகியவற்றில் மூடியுள்ள தொட்டிகளை வைத்து, அவற்றை நாள்தோறும் காலி செய்தல் முதற்படி. நிரம்பி வழியும் தொட்டி, தொட்டியே இல்லாமையினும் தீது. மண்ணும் சல்லியும் ஏற்றிய லாரிகள் தார்ப்பாய் மூடிச் செல்வதைக் கண்காணித்தல் இரண்டாவது. பருவமழைக்கு முன் வடிகால்களில் அடைத்த நெகிழியை அகற்றுதல் மூன்றாவது. நட்ட கன்றுகளின் எண்ணிக்கைக்கு மாறாக, மூன்றாம் ஆண்டில் உயிருடன் நிற்பவற்றின் எண்ணிக்கையை ஒட்டி ஒப்பந்தத் தொகை வழங்குதல் நான்காவது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பொறுப்பான அலுவலரின் பதவியைப் பலகையில் எழுதி வைத்தல் ஐந்தாவது.

இவற்றுள் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. வேண்டுவது இடையறாத கவனமும், நிறுவனம் மாறினாலும் மாறாத பொறுப்புமே. இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கவயல் மக்கள் துடைத்துவரும் புழுதி, அப்பொறுப்பின் விலை என்ன என்பதை உணர்த்துகிறது. விரைவுச் சாலையின் ஓரத்தில் வாழும் ஊர்கள் அவ்விலையைக் கொடுக்க நேராமல் காப்பது, இன்றைய நிர்வாகத்தின் கையில் உள்ளது.